உத்தி பிரித்து ஆடிய பிள்ளைகளும் பி.டி. பீரியடும்

"மேடம், இதனால என்ன கிடைக்கும்?"

சாயங்காலம் மைதானத்துக்குப் பிள்ளையை அழைத்துப்போக வருகிற அப்பாக்களில் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுவார். நான் பயிற்சியாளர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடியவள், இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். ஆபீஸ் விட்டு வந்ததும் தெருப் பிள்ளைகளையும் என் மகளையும் சேர்த்துக்கொண்டு ஓடவிடுகிறேன், அவ்வளவுதான். கழுத்தில் ஒரு விசில் தொங்கினால் போதும், எங்கள் ஊரில் மேடம் ஆகிவிடலாம்.

மன்னார்குடிப் பக்கம் விளையாட்டை வெட்டி வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பக்கத்து வடுவூரே கபடியில் ஊறிய ஊர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய ஆண்கள் கபடி அணியில் ஆடிய அபினேஷ் வடுவூர்ப் பையன்தான். அங்கேயே தங்கம் வாங்கிய பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் மைதானத்தில் கூட்டம் கூடிவிட்டது. அடுத்த மாதம் பாதிப் பேரைக் காணோம்.

ஆகவே அப்பாக்கள் கேட்பது விளையாட்டு வேண்டுமா வேண்டாமா என்பதில்லை. எந்த லெவல் வரை போனால் சர்டிபிகேட் செல்லும், கோட்டாவில் சீட் கிடைக்குமா, போலீஸ் செலக்‌ஷனில் மார்க் உண்டா என்பதுதான். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற ஆள் நான் இல்லை. நாற்று நட்டுவிட்டு வருகிற ஒரு அம்மாவுக்குப் பிள்ளையின் ஒரு மணி நேரம் என்பதும் கணக்குதான். கோட்டாவில் உள்ளே போய்க் குடும்பத்தையே தூக்கி நிறுத்திய பெண்களை எனக்குத் தெரியும், என்னோடு ஆடியவர்களே இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் அதில் இரண்டு பேர் மாவட்டம் வரை போவார்கள். மிச்சம் 38 பேர்? விளையாட்டைப் பற்றி ஊரில் நடக்கிற பேச்சு முழுக்க அந்த இரண்டு பேரைப் பற்றியது. எனக்குப் பேச இருப்பது அந்த 38 பேரைப் பற்றி.

பி.டி. பீரியட் எப்படிப் போகும் என்று பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும். முதலில், அது நடந்தால்தான் உண்டு. போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு டீச்சர் வந்து நின்றால் பீரியட் அவருடையது. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடையில், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே பீரியட் கிடைத்து வெளியே போனாலும், டீமில் இருக்கிற பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். நாலைந்து பெண்களுக்கு ஒரு ரிங் கிடைக்கும். மற்றவர்கள் புங்கை மரத்தடியில் உட்கார்ந்து டீம் பிள்ளைகளின் செருப்புக்கும் வாட்டர் பாட்டிலுக்கும் காவல். என் மகள் ஆறாம் வகுப்பு முழுவதும் அந்தக் காவல் வேலையைத்தான் பார்த்தாள்.

பி.டி. சாரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பெரிய பள்ளிக்கும் பல இடங்களில் ஒரே ஒருவர்தான். காலை பிரேயரில் வரிசை ஒழுங்கு அவர் பொறுப்பு, முடி வெட்டாதவனைப் பிடிப்பது அவர் பொறுப்பு, விழாவுக்குப் பந்தல் போடுகிற இடத்தைக் காட்டுவதும் அவர்தான். இதற்கு நடுவில் குறுவட்டப் போட்டி வந்துவிடும். அங்கே ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி என்று வருஷம் முழுவதும் பட்டியல் நீளும். பள்ளி அவரை அளப்பது எத்தனை கோப்பை வந்தது என்பதை வைத்து. அப்படி அளந்தால் எந்த மனுஷனும் ஓடத் தெரிந்தவனைத்தான் ஓடவைப்பார். ஓடத் தெரியாதவனுக்கு ஓடக் கற்றுக்கொடுக்க நேரம் ஏது? கணக்கில் நன்றாகப் போடுகிற நாலு பேருக்கு மட்டும் பாடம் நடத்திவிட்டு, மற்றவர்களை அவர்களின் பென்சில் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் நாம் விடுவோமா? விளையாட்டில் விட்டுவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் தொடங்கிய கதை இப்படி இல்லை. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920ஆம் ஆண்டு மதராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் அவரே. ஒலிம்பிக் வரை ஆள்களை அழைத்துப்போன அந்த மனிதர் சென்னையில் கட்டியது ஆசிரியர்களை உருவாக்குகிற கல்லூரி. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளை விளையாடவைக்க ஆள் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். இடையில் எங்கோ நாம் கோப்பைப் பக்கம் சாய்ந்துவிட்டோம்.

சரி, என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். கோகோவை வைத்துச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

நடுக்கோட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள் துரத்துகிறவள். ஓடுகிறவள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் எப்படி வேண்டுமானாலும் புகுந்து போகலாம். துரத்துகிறவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, ஒரு திசையில் ஓட ஆரம்பித்துவிட்டால் திரும்பவும் கூடாது. திசை மாற வேண்டுமானால் கம்பத்தைச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு 'கோ' கொடுத்து வேலையை அவளிடம் ஒப்படைக்க வேண்டும்.

பார்க்கிறவர்களுக்கு ஓடுவதுதான் கஷ்டமாகத் தெரியும். ஆடியவர்களைக் கேளுங்கள், உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். ஆள் கண் முன்னால் ஓடுகிறாள், கை நீட்டினால் தொட்டுவிடலாம், காலெல்லாம் பரபரக்கிறது. ஆனாலும் முதுகில் கை விழுந்து, காதில் 'கோ' விழாமல் எழுந்தால் ஃபவுல். எழுந்த பிறகு யோசிக்க நேரம் கிடையாது. எந்தப் பக்கம் காலை வைக்கிறாயோ அதுதான் உன் திசை. பொறுத்திருப்பது, சட்டென்று முடிவெடுப்பது, எடுத்த முடிவைக் கடைசி வரை சுமப்பது மூன்றும் இரண்டு நொடிக்குள் நடக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியுமா? 'அவசரப்படாதே' என்று வீட்டில் நாம் கத்துகிற கத்தலில் எதாவது நடந்திருக்கிறதா? மைதானத்தில் நாலு தடவை ஃபவுல் வாங்கினால் ஐந்தாவது தடவை உட்கார்ந்திருக்கிறது.

துரத்துகிறவளுக்கு ஆசை இருந்தாலும் தான் ஒருத்தியே ஓடிப் பிடிக்க முடியாது என்பதும் இதிலேயே இருக்கிறது. எப்போது விட்டுக்கொடுப்பது என்று தெரிந்தவள்தான் நல்ல ஆட்டக்காரி. வேகமாக ஓடுகிற திமிரில் கோ கொடுக்காமல் ஓடி ஓடித் தோற்ற டீம்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் கம்பம் இரண்டும் சுண்ணாம்புக் கோடும் போதும், பேட் வேண்டாம், பேட் வாங்கித் தர அப்பாவும் வேண்டாம். 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோகோ உலகக் கோப்பை நடந்தபோது இந்தியாவின் ஆண்கள், பெண்கள் இரண்டு அணியும் நேபாளத்தை வென்று கோப்பையை வாங்கின. டிவியில் மேட் போட்டு விளக்கு போட்டு ஆடினார்கள். புழுதி இல்லாத கோகோ எனக்கு என்னவோ போல இருந்தது, அது என் பிரச்சினை.

உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். எலும்பு உறுதியாகிற வயது அதுதான். ஆயுசுக்கும் வேண்டிய எலும்புப் பலத்தில் மிகப் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது, குதித்தலும் ஓடுதலும் அதற்கு உரம். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகம் முழுவதும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். ஆக இது மன்னார்குடிப் பிரச்சினை மட்டும் இல்லை.

இந்த எண்களையெல்லாம் சொன்னால் பெற்றோர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களை நிற்கவைப்பது கண்ணாடி. இப்போது மூன்றாம் வகுப்பிலேயே எத்தனை பிள்ளைகள் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்! சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் பள்ளிகளில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு பீரியட். மற்றப் பள்ளிகளில் வழக்கம் போல. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கம் போல விட்ட பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. முடிவு 2015இல் வெளிவந்தது. அங்கே வேலை செய்தது பெரும்பாலும் வெளிச்சம் என்கிறார்கள். மரத்தடியில் செருப்புக்குக் காவல் இருந்தாலும் கண்ணுக்காவது லாபம் என்று என் மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். பிள்ளை ஏன் விளையாட வருகிறது, ஏன் நின்றுபோகிறது?

எறியவும் பிடிக்கவும் நொண்டவும் தாண்டவும் சின்ன வயதில் பழகிய பிள்ளைக்கு எந்த ஆட்டத்திலும் இடம் கிடைக்கிறது. இடம் கிடைப்பதால் இன்னும் ஆடுகிறது, ஆடுவதால் இன்னும் நன்றாக வருகிறது. பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு நடப்பது நேர்த் தலைகீழ். ஒருமுறை தவறவிடும், நாலு பேர் கத்துவார்கள், அடுத்த முறை பந்து வராத இடமாகப் பார்த்து நிற்கும், அதற்கு அடுத்த முறை வயிற்றுவலி. பத்து வயதில் 'எனக்கு ஸ்போர்ட்ஸ் வராது' என்று அது தானே சொல்லிக்கொள்ளும். நாமும் 'இவனுக்குப் படிப்புதான்' என்று சொல்லிவிடுவோம். அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போனது திறமை என்று எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் இல்லாமல் போனது ஒரு ரப்பர் பந்தும், அதைத் தவறவிட்டால் சிரிக்காத ஒரு ஆளும்தான்.

சரி, பரிசு வைத்தால் வருவார்களே என்பார்கள். வருவார்கள். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு நர்சரிப் பள்ளியில் செய்த சோதனை இதற்கு நல்ல பதில். படம் வரையப் பிடித்த பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம், வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சர்டிபிகேட் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் கலர் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சர்டிபிகேட்டுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பிடித்துச் செய்துகொண்டிருந்தது கூலி வேலை ஆகிவிட்டது. எங்கள் மைதானத்தில் 25 லட்சத்துக்காக வந்த கூட்டம் ஒரே மாதத்தில் கலைந்ததே, அதுவும் இதே கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகளையே கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமண்டா வீசெக் குழு, கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம் விளையாட்டில் எது சந்தோஷம் என்று கேட்டு 81 விஷயங்களைத் திரட்டி வரிசைப்படுத்தச் சொன்னது. 2014இல் அது வெளிவந்தது. மேலே வந்தவை முழு மூச்சாக ஆடுவது, டீமில் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வது, கோச் மரியாதையாக நடத்துவது போன்றவை. ஜெயிப்பது 48ஆவது இடம். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? 'ஜெயிச்சியா?'

சியாட்டிலில் ஸ்மித், ஸ்மோல் என்று இரண்டு பேர் பேஸ்பால் கோச்சுகளை வைத்துச் செய்ததும் எனக்குப் பிடிக்கும். ஆட்டத்தின் நுணுக்கம் எதையும் அவர்கள் கற்றுத்தரவில்லை. நன்றாகச் செய்தால் சொல்லுங்கள், தப்புச் செய்தால் முதலில் தைரியம் சொல்லுங்கள், அப்புறம் எப்படிச் செய்வதென்று காட்டுங்கள், திட்டாதீர்கள். பயிற்சி இவ்வளவுதான், சில மணி நேரம். அடுத்த சீசனில் பயிற்சி பெறாத கோச்சுகளின் பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் திரும்ப வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் வராதவர்கள் 5 சதவீதம். ஜெயித்த தோற்ற கணக்கில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. 'எருமை மாதிரி நிக்கிறான் பாரு' என்று கத்தாமல் ஒரு பயிற்சி கூட நடக்காத நம் மைதானங்களுக்கு இதை யாராவது எழுதி ஒட்ட வேண்டும். திட்டினால்தான் வரும் என்று நம்புகிற கோச்சுகளை எனக்கு நிறையத் தெரியும். திட்டியும் வந்த பிள்ளைகள்தான் அவர்கள் கண்ணில் படுகிறார்கள். வராமல் போனவர்களின் கணக்கை எந்த ரிஜிஸ்டரும் வைப்பதில்லை.

நார்வேயில் இதைச் சட்டம் மாதிரியே எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளின் விளையாட்டு உரிமை என்று 1987இல் அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு விதி கொண்டுவந்தது, 2007இல் திருத்தியது. 11 வயது ஆகும் வருஷம் வரை யார் முதல், யார் கடைசி என்ற பட்டியல் போடக் கூடாது. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. பரிசு கொடுத்தால் எல்லோருக்கும். சுமார் 55 லட்சம் பேர் வாழ்கிற நாடு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம், அதுவரை ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் எந்த நாடும் வாங்காத எண்ணிக்கை. பனி இருக்கிறது, பணம் இருக்கிறது, வார இறுதியில் இலவசமாக வந்து கோச் வேலை பார்க்கிற பெற்றோர் இருக்கிறார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் சின்ன வயதில் வடிகட்டாவிட்டால் சாம்பியன் வரமாட்டான் என்ற நம் பயம் பொய் என்பதற்காவது அது போதும். இங்கேயோ பன்னிரண்டு வயதுப் போட்டிக்கே பிறந்த தேதியைத் திருத்திக்கொண்டு வருகிறார்கள். வயதைக் கண்டுபிடிக்கக் கிரிக்கெட் வாரியம் பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குத் தன் வயதே பொய் என்று தெரிந்து ஆடுகிற ஆட்டத்தில் அது என்ன கற்றுக்கொள்ளும்?

நார்வே வரை போகவும் வேண்டாம். உத்தி பிரிப்பது ஞாபகம் இருக்கிறதா?

தெருவில் கிளித்தட்டோ சடுகுடோ ஆட இரண்டு கட்சி வேண்டும். இரண்டு தலைவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய சமபலமான ஜோடிகளாகப் பிரிந்து, தோளில் கை போட்டுக்கொண்டு தூரப் போய், காதோடு காதாக ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருத்தி மல்லி, ஒருத்தி முல்லை. ஒருவன் புலி, ஒருவன் சிங்கம். வந்து நின்று 'மல்லி வேணுமா, முல்லை வேணுமா?' என்பார்கள். தலைவர் ஒரு பேரைச் சொல்வார். அந்தப் பேருக்குரிய ஆள் அந்தக் கட்சிக்கு, மற்றவள் எதிர்க்கட்சிக்கு. அடுத்த ஜோடி வரும், அடுத்த தலைவர் கேட்பார்.

இதை யோசித்த மூளையை என்னவென்று சொல்வது! இரண்டு கட்சியும் சமமாகிவிடுகிறது. அது மட்டும் இல்லை. தலைவர் கேட்டது மல்லியை, உன்னை இல்லை. ஆகவே உன்னை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளியில் இரண்டு கேப்டன்கள் நின்று 'நீ வா, நீ வா' என்று ஆள் எடுக்கும்போது கடைசியில் ஒரு பிள்ளை மட்டும் நிற்குமே, 'சரி, இவளை நீயே வச்சுக்கோ' என்பார்களே, அந்த இடமே உத்தியில் கிடையாது. மெதுவாக ஓடுகிறவளும் தனக்கு ஜோடியான ஆளோடு நடந்து வருகிறாள், தனக்குப் பிடித்த பேரை அவளே வைத்துக்கொள்கிறாள். பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்க மூன்று வேண்டும் என்று டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் சொல்வார்கள். தன் இஷ்டம் கொஞ்சம் நடக்க வேண்டும், தன்னால் முடிகிறது என்று தெரிய வேண்டும், சேர்ந்தவர்களில் தானும் ஒருத்தி என்று இருக்க வேண்டும். அவர்கள் புத்தகம் எழுதுவதற்கு எவ்வளவோ முன்பே நம் பாட்டிகள் தெருவில் கையைத் தோளில் போட்டுக்கொண்டு இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் மைதானத்தில் உத்திதான். முதலில் பெரிய பையன்களுக்குக் கூச்சம். இப்போது பேர் வைப்பதில் போட்டியே நடக்கிறது. 'ஐபோனா ஆண்ட்ராய்டா' என்று ஒரு ஜோடி வந்து நின்றது. ஐபோனைக் கேட்ட தலைவனுக்குக் கிடைத்தவன் தொப்பை தூக்கிக்கொண்டு ஓடுகிற பையன். அவனுக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மளமளவென்று நின்றுபோகிறார்கள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று பள்ளியில் சொல்வார்கள். ஆர்வமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு சுடிதாரில் ஓடச் சொன்னால் எப்படி ஓடுவது? மைதானத்தில் கழிவறை இல்லை, இருந்தாலும் தண்ணீர் இல்லை. மாதவிலக்கு நாளில் பி.டி. சாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் லீவு போடுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிற பையன்கள் வேறு. வீட்டிலோ, 'வயசுக்கு வந்தாச்சு, இன்னும் என்ன குதியாட்டம்?' என் மகளோடு வருகிற ஒரு பெண்ணை அவளுடைய அப்பாயி நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "வெயில்ல கறுத்துப்போனா எவன் கட்டுவான்?" என்றார். "அப்பாயி, நீங்க இந்த வயசுலயும் குனிஞ்சு நடவு நடுறீங்க, முதுகு நிமிருது. வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்கிற உங்க பேத்திக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குதே" என்றேன். பதில் சொல்லவில்லை. மறுவாரம் பெண் வந்தது, ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டளையோடு. சரி, அது போதும்.

எல்லோரையும் ஆடவைத்தால் திறமைசாலி நசுங்கிப்போவானே என்று ஒரு பி.டி. சார் என்னிடம் வாதாடினார். நல்ல மனிதர், அவருக்கு நான் மாரியப்பன் தங்கவேலுவைச் சொன்னேன். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் சிதைந்தது. வடிகட்டி ஆள் எடுக்கிற எந்தப் பள்ளியிலும் அந்தப் பையன் செருப்புக்குக் காவல்தான் இருந்திருப்பான். ஒரு உடற்கல்வி ஆசிரியர் அவனை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். கால் சரியாக இருந்த பையன்களோடு சேர்ந்தே தாண்டவிட்டார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். யாரிடம் என்ன இருக்கிறது என்று முன்னாலேயே நமக்குத் தெரியும் என்ற நினைப்பில்தான் வடிகட்டுகிறோம். கயிற்றைக் கட்டி எல்லோரையும் ஒருமுறை தாண்டவிட்டால்தானே தெரியும்?

அந்தச் சார் ஒரு வேலை செய்தார். எட்டாம் வகுப்பு பி.டி. பீரியடை நாலாகப் பிரித்து, டீம் பிள்ளைகள் நாலு பேரை நாலு மூலையில் நிறுத்தினார். ஒரு மூலையில் எறிந்து பிடிப்பது, ஒன்றில் ஸ்கிப்பிங், ஒன்றில் கோகோவுக்கு எழுந்து திரும்புவது, ஒன்றில் சும்மா ஓடிப்பிடிப்பது. டீம் பிள்ளைகள்தான் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பந்து பற்றாததற்குப் பழைய டென்னிஸ் பந்தும் துணிப்பந்தும். முதல் இரண்டு வாரம் ஒரே கூச்சல், பக்கத்து வகுப்பு டீச்சர் சண்டைக்கு வந்துவிட்டார். இப்போது ஓரளவு ஓடுகிறது. சொல்லிக்கொடுக்கிற டீம் பிள்ளைகளின் ஆட்டம் கெடவும் இல்லை. மற்றவனுக்குக் காட்ட வேண்டுமென்றால் தான் எப்படிச் செய்கிறோம் என்று முதலில் கவனிக்க வேண்டியிருக்கிறதே.

என் மகளின் பள்ளியிலும் இதைக் கேட்டுப் பார்ப்போம் என்று போன பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு பீரியட் நடக்க வேண்டும், பத்தாம் வகுப்புக்கும் சேர்த்து. அதை யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது. பெண்களுக்கு டிராக் பேண்ட் போட அனுமதி. மைதானத்துப் பக்கக் கழிவறைக்குத் தண்ணீர்க் குழாய். கூட இருந்த அம்மாக்கள் குழாய் விஷயத்தில் என்னைவிடச் சத்தமாகப் பேசினார்கள். டிராக் பேண்டுக்கு ஒருத்தர் முனகினார், மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு என்றதும் மட்டும் அறை அமைதியாகிவிட்டது, அம்மாக்கள் உட்பட.

ஹெச்.எம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். குழாய்க்கு எஸ்டிமேட் போடச் சொல்லியிருக்கிறார், ஆள் வந்து அளந்துவிட்டுப் போனான். பீரியட் விஷயத்துக்கு, "காலாண்டுப் பரீட்சை முடியட்டும்மா, பார்க்கலாம்" என்றார். காலாண்டு முடிந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்குத் தேதி போட்டிருக்கிறார்கள், இந்த முறை குவாங்சோக் கணக்கை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறேன்.